நவம்பரிலேயே கிறிஸ்மஸ்

"அங்க நம்ம ஊரு பொம்பளைய உண்டுமா?"

"எஸ்டேட்டுன்னா பொம்பளைய இல்லாமயா? ரப்பர் பால் வெட்டுகதே அவளுவதானே."

"நான் கேட்டது அதில்ல."

"பின்ன எதுட்டி?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் கருங்கல் சந்தையடியில் நின்று ஜெபகனி புருஷன் செல்வதாஸிடம் கேட்க நினைத்தது பாதியிலேயே நின்றுபோனது. அவன் மலேயாவுக்குப் போய், ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் வேலையில் அமர்ந்தான்.

இப்போது மிஷன் லேஸ் அறையில் ஜெபகனியின் மடியில் லேஸ் பின்னும் தலையணை. குண்டூசிகளுக்கிடையே நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு லீலிப் பூ பின்னிக்கொண்டிருந்தாள். ஈஸ்டருக்குச் சீமைக்குப் போகும் மேசைவிரிப்பு. கப்பல் போய்ச் சேர வேண்டுமே. அந்த அறையில் எந்தப் பண்டிகையும் மாதக்கணக்கில் முந்தி வந்துவிடும். கிறிஸ்மஸ் மணிகளை ஆடிக் காற்றிலேயே பின்னி அனுப்பியாயிற்று. ஊரிலோ இன்னும் ஐப்பசி மழை விடவில்லை. சபையில் பாட்டுப் பழக்கம்கூடத் தொடங்கவில்லை.

கஞ்சி நேரத்தில் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து, பக்கத்தில் பின்னும் ராகேலிடம் நீட்டினாள். "ஒருக்கா வாசிட்டி."

"நேத்தே உன் மாமனாரு வாசிச்சாருல்லா?"

"அவரு வாசிச்சது ஓட்டமா ஓடிப்போச்சு."

நாலாம் வகுப்பு படித்த ராகேல் எழுத்துக்கூட்டி வாசித்தாள். அங்கே நவம்பர் பிறந்ததுமே கடைகளில் கிறிஸ்மஸ் விளக்குப் போட்டுவிட்டார்களாம். துரை பங்களாவில் மரம் வைத்து, பனிபோலப் பஞ்சு ஒட்டியிருக்கிறார்களாம். சாயங்காலமெல்லாம் பாட்டுப் பழக்கம். சொல்லிக்கொடுப்பது நர்ஸ் சத்தியபாய், நம்ம ஊருப் பக்கத்து நெய்யூர்க்காரி. சத்தியபாய் கேக் செய்து கொடுத்தாள். உங்களுக்கு நல்ல குரல் என்று சத்தியபாய் சொன்னாள்.

"ஏட்டி, உன் மாப்பிளைக்குக் குரலா? கோயில்ல அவரு பாடுனா வவ்வாலுல்லா எறங்கி ஓடும்!" ராகேல் கஞ்சி சிந்தச் சிரித்தாள்.

ஜெபகனி சிரிக்கவில்லை. மாமா வாசித்தபோது 'ஒரு நர்ஸம்மா' என்று ஒரே ஒரு தடவைதான் வந்தது. மூன்று இடத்திலிருந்த பேரையும் அவர் விழுங்கியிருக்கிறார். மத்தியானம் முழுக்கக் கை தவறியது. லீலிக்கு ஒரு இதழ் கூடிப்போய், மேற்பார்வையம்மாள் அவ்வளவையும் அவிழ்க்கச் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டில் மாமனார் யோவான் உபதேசியார் பதில் எழுத உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் விலாசம் அவருக்குத்தான் எழுத வரும். புருஷனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவனைப் பெற்றவரிடமே சொல்லித்தான் நாலு வருஷமாக அனுப்பி வந்தாள். மழை, கோழி, கிணற்றுத் தண்ணீர், சுகம். அதற்கு மேல் எதுவும் கடல் தாண்டியதில்லை.

"யாவரும் கர்த்தர் கிருபையால சுகம்னு போட்டாச்சு. ஒட்டிரட்டுமா மக்களே?"

"ஒட்டாதிங்க மாமா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஜெபகனிக்குக் காதுமடல் எரிந்தது. முந்தானையை வாயருகே கொண்டுபோனவள், அதை விட்டுவிட்டாள்.

"எழுதுங்க. நான் சொல்லுகத ஒரு சொல்லு விடாம எழுதுங்க. என்னையும் அங்க கூப்பிட்டுக்கிடச் சொல்லுங்க. எனக்கு அவியகூட இருக்கணும்."