பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை

இரண்டாவது கேக்கும் நடுவில் அமுங்கித்தான் வெளியே வந்தது. ஆரோக்கியசெல்வி அதை மேடைமேல் வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். காலையில் சுட்டதும் பக்கத்திலேயே கிடந்தது. இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்துக்குப் பள்ளம். அட கடவுளே, தப்புகூட இவ்வளவு ஒழுங்காகவா வரும்!

விடிந்தால் ஞாயிறு, நாத்தனார் அனிட்டாவின் மகள் லிபியாவுக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே கேக் வெட்ட வேண்டும். "எங்க அண்ணி கையால செய்யற கேக்கு" என்று அனிட்டா பாகலூர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இதுவரை செய்ததெல்லாம் வீட்டுக்காரர் ராயப்பனுக்காகத்தான். அதெல்லாம் கணக்கில் சேராது. அந்த மனுஷன் எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்குது" என்று தின்றுவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார். நாலு பேர் முன்னால் வைக்கப்போகிற முதல் கேக் இதுதான். சொதப்பினால் அனிட்டாவுக்கும் தலைகுனிவு, தனக்கும் தலைகுனிவு.

தப்பு எங்கே என்று அவளுக்கு நன்றாகவே தெரியும், அதுதான் கொடுமை. எட்டு வருஷம் ஓசூர் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள். லைனில் ஓடுகிற சாமானில் பத்து நிமிஷத்துக்கு ஒன்றை எடுத்து, திருப்பி, தடவிப் பார்த்தே தீர வேண்டும். வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியும் கை அதை விடவில்லை. ஓவனில் கேக்கை வைத்த பத்தாவது நிமிஷம் கதவைத் திறந்துவிடும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆகாதா? ஆகாது, விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சூடெல்லாம் வெளியே ஓட, பாவம், எழும்பிக்கொண்டிருந்த கேக் அப்படியே உட்கார்ந்துவிடும்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ரங்கம்மாவின் மாட்டுக்கு வைக்கப் போனாள். வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பேசுகிற ரங்கம்மா, செல்வியிடம் மட்டும் தமிழில்தான் திட்டுவாள். மாட்டுக்கு வைக்கும் முன்னால் ரங்கம்மாவே ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா செல்வி, இதையா மாட்டுக்குப் போட வந்த? புத்தி கெட்டுப்போச்சா?"

"நடுவுல ஈரமாவே கெடக்குதுக்கா. ரிஜெக்ட்டு."

"ஏன், உங்க கம்பெனில ரிஜெக்ட்டுனா ஒடனே தூக்கிக் கொட்டிருவாங்களா?"

செல்வி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கொட்டமாட்டார்கள்தான். ஒதுக்கி வைத்து, வேறெப்படியாவது ஒப்பேற்ற முடியுமா என்று பார்த்த பிறகுதான் குப்பை. அவளே எத்தனையைக் காப்பாற்றியிருக்கிறாள்!

வீட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு கேக்கையும் விரல் கனத்துக்கு நறுக்கினாள். தட்டில் அடுக்கி, சூட்டைக் குறைத்து, பேக்கரி ரஸ்க் மாதிரி வாட்டினாள். இதைத் திறந்து திறந்து பார்க்கலாம், திருப்பிப் போடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஈரமெல்லாம் வற்றி, மொறுமொறுவென்று சிவந்து வந்தது. வாசனை பிடித்து ரங்கம்மாவும் வந்து சேர்ந்து, ஒன்று மாற்றி ஒன்றாகத் தின்றாள்.

மூன்றாவது கேக்கை ஓவனில் வைத்ததும் ரங்கம்மா அடுப்படி வாசலில் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். செல்வி வெளியே, டீயும் ரஸ்க்குமாக. பத்தாவது நிமிஷம் கை பரபரத்தது.

"ஒரே ஒரு தடவைக்கா."

"எழுந்த, காலை ஒடச்சுருவேன். தின்னு."

தின்றாள். ஒவ்வொரு பரபரப்புக்கும் ஒரு ரஸ்க். நாற்பது நிமிஷம் ஓடியது.

கதவைத் திறந்தபோது கேக் உப்பி, மேலே லேசாக வெடித்து, பொன்னிறமாக நின்றது. செல்வி நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு குறையும் சிக்கவில்லை. உடனே போட்டோ எடுத்து அனிட்டாவுக்கு அனுப்பினாள்.

ரங்கம்மா மட்டும் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"நல்லாத்தான் வந்துருக்குது... அப்ப நாளைக்கு எனக்கு ரஸ்க்கு?"

செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மீதி இருந்த முட்டைகளை உடைத்து மாவைக் கலக்கி ஓவனில் வைத்தாள். ஸ்டூலை அதன் முன்னால் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. இதை நீங்க பாத்துக்கங்க. எத்தனை தடவ வேணாலும் தொறந்து பாருங்க."

ரங்கம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்து, முகத்தில் அடித்த சூட்டுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரலை நீட்டினாள்.