மைக்கில் சொன்னது

அந்தப் பேருந்துப் பணிமனையில், டிரைவர்களுக்கு வண்டி பிரித்துக் கொடுக்கும் கன்ட்ரோலரைப் பிடிக்காதவர் என்று ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் மெக்கானிக். அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, பொழுது விடிவதே அந்த மனிதருக்குப் பிடிக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். 'சிடுமூஞ்சி' என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் காதுபடவே.

மற்றவர்கள் கன்ட்ரோலரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆடாமல் என்ன செய்வார்கள்? அவரும் ஒரு காலத்தில் ஸ்டியரிங் பிடித்தவர். எவனையும் காட்டிக்கொடுத்ததில்லை. ஒருவன் குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு வேறு ஆளைப் போட்டுச் சமாளிப்பார். வண்டியில் கீறல் விழுந்தால் பூசி மெழுகிவிடுவார். கன்ட்ரோலர் நாற்காலி காலியானபோது, இவரைப் போடாவிட்டால் ஒரு சக்கரம் உருளாது என்று மொத்தப் பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். பெற்ற தகப்பனுக்குக்கூட அப்படி நின்றிருக்க மாட்டார்கள்.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தால் போதும், மனிதர் மைக்கைப் பிடித்துவிடுவார். "போன் பேசிக்கிட்டே வண்டி ஓட்டுறவன் சீட்டைக் கிழிச்சிடுவேன்! எவனா இருந்தாலும் சரி!" என்று ஒலிபெருக்கி அலறும். அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிடும். அவருடைய ஜீப் வாசலைத் தாண்டியதும் கன்ட்ரோலர் டீக்கடைக்கு வந்து, நிற்பவன் தோளில் கை போடுவார். "அதெல்லாம் அந்த ஆளுக்காகச் சொன்னதுடா. காதுல வாங்காத. நீ பாட்டுக்குப் போ."

மைக்கிலோ போனிலோ வந்தால் அது மேலிடத்துக்கு, தோளில் கை வைத்துச் சொன்னால் அது நமக்கு. புதிதாக வரும் கண்டக்டருக்கு டிக்கெட் கிழிக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். சிடுமூஞ்சிக்கு மட்டும் இந்தச் சூட்சுமம் கடைசிவரை பிடிபடவில்லை. வேகக்கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் வண்டி வெளியே போகக் கூடாது என்று ஒருமுறை கன்ட்ரோலர் மைக்கில் சொன்னார். மறுநாள் பார்த்தால் மனிதர் எல்லா வண்டியிலும் அதைப் பொருத்திவிட்டார்! பணிமனையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கன்ட்ரோலரும் சேர்ந்துதான் சிரித்தார்.

இந்த நிலையில்தான் ஒத்தக்கைக்கு மயக்கம் வர ஆரம்பித்தது.

ஒத்தக்கை என்றால் கை இல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். மலைப்பாதை வளைவுகளை ஒரே கையால் அலட்சியமாக ஒடித்துத் திருப்புவார், அதனால் வந்த பெயர். கன்ட்ரோலரும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். போன மாதம் அவர் வண்டி ஒரு வளைவில் சுவரை உரசிக்கொண்டு வந்தது. கூடப் போன கண்டக்டர் குருவி, அவனுடைய கீச்சு விசிலுக்காக வந்த பெயர் அது, எதிரில் லாரி வந்ததாகச் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு ஒருநாள் கேண்டீனிலேயே ஒத்தக்கையின் கையிலிருந்து தட்டு நழுவியது. கண் திறந்தபடி இருந்தது, ஆனால் ஆள் அங்கே இல்லை. கூப்பிட்டதற்குப் பதில் வரச் சற்று நேரமாயிற்று. அதைப் பார்த்தவர்கள் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சிடுமூஞ்சி நேராகக் கன்ட்ரோலர் அறைக்கு வந்தார். "சார், அந்த வண்டியை அக்கு அக்கா பிரிச்சுப் பாத்துட்டேன். பிரேக் கச்சிதமா இருக்கு. கோளாறு ஓட்டுற ஆள்கிட்ட. அவரை இறக்குங்க."

"பாத்துக்கறேன்," என்றார் கன்ட்ரோலர்.

"எப்ப பாத்துப்பீங்க?"

"பாத்துக்கறேன்னு சொன்னேன்ல, போய்யா!"

கோபம் ஏன் வந்தது என்று அவருக்கே தெரியும். அந்த ஆள் சொன்னது உண்மை. அந்த உண்மை கொஞ்ச நாளாகவே அவரைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை சாவி வாங்க ஒத்தக்கை வந்தபோது முகம் வெளுத்திருந்தது. முற்றத்தில் டிரைவர்கள் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்ட்ரோலர் பலகையிலிருந்து சாவியை எடுத்தார், கொடுக்கவில்லை.

"இன்னிக்கு ரெஸ்ட் எடேன்டா."

"ஏன்? நானா கேட்டேன்?" ஒத்தக்கை குரலைத் தாழ்த்தினார். "டேய், ரிட்டயர்மென்ட் வாசல்ல வந்து நிக்குது. இத்தனை பேர் முன்னாடி சாவி இல்லன்னு மட்டும் சொல்லிடாத. அதுக்கு நீ என்னைக் கொன்னு போட்டுடலாம்."

வெளியே அத்தனை கண்களும் அந்தச் சாவியின் மேல்தான். அவர்களுக்குத் தெரிந்த கன்ட்ரோலர் சாவியைக் கொடுப்பார்.

கொடுத்தார். குருவியின் தோளில் கை போட்டு, "பக்கத்துலயே நில்லு. பேச்சுக் குடுத்துக்கிட்டே வா," என்றார். வண்டி நிறைய ஆட்களோடு கிளம்பியது. முன் சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்திருந்ததைப் பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சிறிது நேரத்தில் அதிகாரி வந்து எதிரே உட்கார்ந்தார். அவருக்கு டீ வந்தது. அப்போது கன்ட்ரோலரின் மனைவியிடமிருந்து போன்.

"என்னங்க, உங்க சிநேகிதர் பொண்டாட்டி அழுதுகிட்டே பேசினா. காலையில குளிக்கப் போனவரு கண்ணு சொருகி அப்படியே விழுந்துட்டாராம். சொன்னா கேக்காம டூட்டிக்குக் கிளம்பிட்டாராம். சாவி குடுக்கலதானே? ஏங்க... குடுத்துட்டீங்களா?"

அவர் மனைவியின் அழைப்பைத் துண்டித்துவிட்டுக் குருவியைப் போனில் கூப்பிட்டார்.

"வண்டியை ஓரங்கட்டு. உடனே. இது ஆர்டர்."

அந்தப் பக்கமிருந்து தேன் ஒழுகும் மரியாதையோடு குருவியின் குரல் வந்தது. "சரிங்க சார்! நிறுத்திட்டேன் சார்!"

அந்தக் குரலுக்குப் பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டு மேடேறியது. "ஆபீசர் வந்துட்டாரா?" என்று ஒத்தக்கை சிரிப்பதும் கேட்டது.

"டேய், நெஜமாவே நிறுத்துடா!"

"நெஜமாவே நிறுத்திட்டேன் சார்! நீங்க கவலையே படாதீங்க சார்!"

அதிகாரி மெச்சுதலாகத் தலையாட்டினார். "நல்ல கட்டுப்பாடு. என்ன பிரச்சினை?"

ஓட்டுகிறவனுக்கு மயக்கம் வரும். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் குருவியும் நம்பியிருப்பான், கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்திருப்பான். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எதிரே அதிகாரி. ஜன்னலுக்கு வெளியே டிரைவர்கள். 'அண்ணனே காட்டிக்கொடுத்துட்டாரு' என்று அவர்கள் சொல்லப்போவது இப்போதே காதில் விழுந்தது. பாவி மனுஷன், அந்த நேரத்திலும் அதையா நினைப்பார்? அதைத்தான் நினைத்தார்.

"டயர்ல காத்து கம்மின்னு சந்தேகம் சார்," என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினார். அங்கிருந்து மறுபடி கூப்பிட்டார். வண்டி மலைக்குள் போய்விட்டது, போன் கிடைக்கவில்லை. முற்றத்தில் நின்ற ஒரு டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "டெப்போ ஜீப்பை எடு. மலை வண்டியைப் பிடிக்கணும்." அவன் ஏன் என்று கேட்கவில்லை, பறந்தான். ஆனால் அவன் போய்ச் சேர்ந்தபோது ஒரு வளைவில் தடுப்புச்சுவர் உடைந்து கிடந்தது. கீழேயிருந்து புழுதி இன்னும் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கோ அடியில் ஹாரன் நிற்காமல் கத்திக்கொண்டே இருந்தது.

ஒத்தக்கை போய்விட்டார். அவரோடு பயணிகள் பலரும் போனார்கள். கைக்குழந்தைக்காரியைப் பற்றிக் கன்ட்ரோலர் யாரிடமும் கேட்கவில்லை, கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. குருவி கை முறிந்து பிழைத்தான்.

மறுநாள் காலை ஓய்வறையில் விசாரணை. அதிகாரி வருவதற்குள் குருவி கட்டுப்போட்ட கையோடு வந்து கன்ட்ரோலரைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"பேசி முடிச்சாச்சுண்ணே. பிரேக்தான்னு எல்லாரும் சொல்லிடுவோம். மயக்கம்னு வெளிய தெரிஞ்சா ஒத்தக்கை அண்ணன் சம்சாரத்துக்கு நஷ்டஈடு பத்துக்காசு தேறாது. உங்க நாற்காலியும் போயிடும். மாட்டப்போறது சிடுமூஞ்சிதானே, போகட்டும்."

"நான் நிறுத்தச் சொன்னேன்ல டா?"

"சொன்னீங்க. ஆபீசர் எதிர்ல இருக்காருன்னு புரிஞ்சுக்கிட்டேனே!" அந்தத் துக்கத்திலும் அவன் குரலில் ஒரு பெருமை. "உங்களை நான் விட்டுக்குடுப்பேனா?"

கன்ட்ரோலர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அதிகாரி வந்தார். சிடுமூஞ்சி மூலையில் தனியாக நின்றார், எண்ணெய்க் கறை படிந்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல. குருவி பிரேக் என்றான். அடுத்தவனும் பிரேக் என்றான். அதற்கடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் கன்ட்ரோலர் எழுந்தார்.

"சார், பிரேக் நல்லா இருந்துச்சு. அவனுக்கு மயக்கம் வரும், அது எனக்குத் தெரியும். இந்த மெக்கானிக் அப்பவே சொன்னாரு. தெரிஞ்சேதான் சாவியைக் குடுத்தேன். தப்பு என்னோடது."

வாழ்க்கையில் முதல் முறையாக, எல்லார் முன்னிலையிலும், ஒரு வார்த்தை பிசகாமல் உள்ளதைச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு கொஞ்சம் லேசானது.

அறையில் ஒருவரும் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அண்ணன் துக்கத்துல பேசறாரு சார்," என்றான் குருவி. "எங்க பழியை எல்லாம் எப்பவும் அவர்தான் தன் தலையில போட்டுப்பாரு. அவரு குணமே அதுதான்."

"ஆமா சார். சிநேகிதன் செத்ததுல ராத்திரி பூராத் தூங்கல."

"பிரேக்தான் சார். நானே ஓட்டிப் பாத்திருக்கேன்."

"நெஜமாச் சொல்றேன்யா!" கன்ட்ரோலர் கத்தினார். "சத்தியமாச் சொல்றேன், சார்!"

அதிகாரி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "நிறுத்தச் சொல்லி நீங்க ஆர்டர் போட்டது என் காதாலேயே கேட்டேனே. உங்களை மாதிரி ஒரு ஆள் கிடைக்க இவங்க குடுத்து வச்சிருக்கணும். போய் ஓய்வெடுங்க." பிறகு மூலையைப் பார்த்து, "நீ ஜீப்புல ஏறு," என்றார்.

சிடுமூஞ்சி வாக்குவாதம் செய்யவில்லை. வெளியே போகிற வழியில் கன்ட்ரோலருக்கு எதிரே ஒரு நொடி நின்றார்.

"பாத்துக்கறேன்னு சொன்னீங்க சார். நான் நம்பினேன்."

கன்ட்ரோலர் ஜீப்பின் பின்னால் ஓடப் பார்த்தார். டிரைவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள், வலிக்காமல், அத்தனை பிரியமாக. "விடுங்கண்ணே, நாங்க இருக்கோம்ல." அவர் திமிறினார், கெட்ட வார்த்தையில் திட்டினார். எதற்கும் அவர்கள் பிடியை விடவில்லை. ஜீப் வாசலைத் தாண்டிய பிறகுதான் ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தான். அவர் உட்காரும் வரை மற்ற எல்லாரும் எழுந்து நின்றார்கள்.