ஒன்பது விநாடி

என் கைக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒலிப்பதிவில் எங்கே மௌனம் தெரிந்தாலும் வெட்டிவிடும். பதினொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. இருமல், பெருமூச்சு, நாற்காலி கிறீச்சிடுவது, பேசுகிறவர் தடுமாறுவது, எல்லாவற்றையும் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எறிய வேண்டும். அந்தக் கையைத்தான் அந்த வெள்ளிக்கிழமை முழுக்கத் திட்டித் தீர்த்தேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது குழந்தைப் பாட்டுத் தொகுப்பு. எல்லா வீட்டிலும் பாடிப் பாடித் தேய்ந்த பழைய பாட்டுகள் இருபத்திரண்டு. பூனைப் பாட்டு, ரயில் பாட்டு, பல் தேய்க்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பாட்டு. குடும்பமாக உட்கார்ந்து கூடவே பாட வேண்டும் என்பதுதான் யோசனை. குழந்தைகள் ஒரு வரி பாடுவார்கள். பிறகு அதே நீளத்துக்கு வெறும் தாளம் ஓடும். அந்த இடத்தில் வீட்டில் இருப்பவர்கள் திருப்பிப் பாடிக்கொள்ளலாம். அந்தக் காலி இடத்தை அளந்து வைப்பது என் வேலை. ஊரார் வீட்டுக்கெல்லாம் இடம் விட்டேன், பெற்ற பெண்ணுக்கு விடவில்லை.

என் மகளுக்கு ஆறு வயது. 'வாலு' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். பேச்சு திக்கும். பாடும்போது திக்காது, எத்தனை பாட்டு வேண்டுமானாலும் மூச்சுவிடாமல் பாடுவாள். பேச வந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும்.

தொகுப்பின் தொடக்கத்தில் ஒரு குழந்தை, "வாங்க, எல்லாரும் சேர்ந்து பாடலாம்" என்று சொல்ல வேண்டும். யார் சொல்றீங்க என்று முதலாளி கேட்டதுதான் தாமதம், பாட வந்த எட்டுக் குழந்தைகளில் முதலில் கை தூக்கியவள் இவள். வேறு யாரையாவது சொல்லச் சொல்லலாமே என்று நான் வாயெடுப்பதற்குள் மைக் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

பேச்சு வர ஒன்பது விநாடி ஆயிற்று. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மற்ற குழந்தைகள் காத்திருந்தார்கள். பிறகு முழு வாக்கியமும் வந்தது. கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்து, "அ... அம்மா, சொல்லிட்டேன்!" என்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அந்த ஒன்பது விநாடியையும் வெட்டினேன். நாலு பேர் வீட்டில் என் பிள்ளையைக் கேட்டுச் சிரிக்கக் கூடாதே என்ற பயம். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். முதலாளி சரி சொன்னதும் அசல் பதிவையும் அழித்தேன். கணினியில் இடம் போதவில்லை என்று அவர் போட்ட சட்டம் அது.

வெள்ளிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு வெட்டிய பதிவைப் போட்டுக் காட்டினேன். வாயில் நுரையோடு கேட்டாள்.

"இ... இது யாரும்மா?"

"நீதான்டி. எவ்வளவு அழகா பேசற பாரு!"

"நான் இல்ல."

திக்காமல் சொன்னாள். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. கெஞ்சினேன், கொஞ்சினேன், ஒருமுறை கத்தவும் செய்தேன். பள்ளி வண்டியில் ஏறும்போது கை மட்டும் ஆட்டினாள்.

பதினொரு மணிக்கு டீச்சர் போன் செய்தார்.

"பேர் கூப்பிட்டா பதிலே இல்லைங்க. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டறா. வீட்ல ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் இல்லையே டீச்சர்," என்று கூசாமல் பொய் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கூடப் படித்த ஒரு பிள்ளை இவளைப்போல் திக்கிப் பேசிக் காட்டிவிட்டது. நாலு மாதம் இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு வேண்டும் என்றால் தட்டைக் காட்டுவாள். அந்த நாலு மாதம் நானும் என் வீட்டுக்காரரும் பட்ட பாடு எங்கள் எதிரிக்கும் வேண்டாம். இப்போது அவளை வேறு யாரோபோல் பேசவைத்துக் காட்டியவள் நான்.

நாலு மணிக்குள் தொகுப்பை முடித்து அனுப்பியாக வேண்டும். நான் அசலைத் தேடிக்கொண்டிருந்தேன். கணினியின் குப்பைத் தொட்டி காலி. பழைய ஹார்ட் டிஸ்க்குகளைத் துழாவினேன், மேஜை இழுப்பறையைக்கூடத் திறந்து பார்த்தேன், பைத்தியம்! ஒன்றும் இல்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் பேருந்து ஓட்டுகிறவர், இரண்டரை மணிக்கு வேலை முடியும்.

"ஏங்க, ஸ்கூலுக்குப் போய் அவளைக் கூட்டிட்டு நேரா இங்க வாங்க."

"ஏன், என்னாச்சு?"

"என் புத்தி மழுங்கிப்போச்சு, அதான் ஆச்சு. சீக்கிரம் வாங்க."

வந்து சேரும்போது மூன்றே கால். முதலாளி மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். தட்டாமல் அவருக்கு இருக்க வராது. நான் அவள் எதிரே மண்டியிட்டேன்.

"அம்மா தப்பு பண்ணிட்டேன்டி. நீ காத்திருந்து சொன்னதை வெட்டிட்டேன். இன்னொரு தடவை சொல்றியா? தொடவே மாட்டேன்."

அவள் என்னைத் தாண்டிக் கண்ணாடி அறைக்குள் போனாள். மைக் முன்னால் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளையே பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"சார், நீங்க பட்டனை அமுக்குங்க."

"நல்ல குடும்பம்மா," என்று முணுமுணுத்தபடி அமுக்கினார்.

ஓர் எழுத்தும் வரவில்லை. ஐந்து விநாடி. எட்டு. அவள் கண்ணை மூடினாள். முதலாளியின் விரல் தட்டுவதை நிறுத்தியிருந்தது. பத்து. வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்கும். வராது, இனி வரவே வராது, என்னால்தான், என்னால்தான் என்றே மனசு ஓடியது. பதினான்காவது விநாடியில் வந்தது.

"வாங்க, எல்லாரும் சேர்ந்து பாடலாம்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் மூக்கை உறிஞ்சி அழுதேன்.

"இது அப்படியே போக முடியாதும்மா," என்றார் முதலாளி. "பாட்டுப் பெட்டி ரிப்பேர்னு நினைச்சு அணைச்சிடுவாங்க."

"அணைக்கட்டும் சார். இருபத்திரண்டு பாட்டுலயும் அவங்களுக்காக நாம காத்திருக்கோம். இவளுக்காகப் பதினாலு விநாடி அவங்க காத்திருந்தா குறைஞ்சா போயிடுவாங்க?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்னமோ பண்ணு," என்றார்.

அனுப்புவதற்கு முன்னால் அவளை மடியில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். திரையில் கோடு நகர்ந்தது. சத்தமே இல்லை. மூன்று விநாடி, நாலு. கேட்டுவிட்டு என்ன சொல்லுவாளோ என்று அவள் உச்சந்தலையையே பார்த்தேன். ஒலிபெருக்கியிலிருந்து இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"இ... இது நான்," என்றாள்.