ஹால்டிக்கெட்டின் பின்பக்கம்

அவள் புருஷன் தையல்காரர். அளவெடுத்த கையோடு, கைக்கு எட்டின காகிதத்தில் கிறுக்கிவிடுவது அவருடைய வியாதி. கரண்ட் பில், டாக்டர் சீட்டு, யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்று எதுவும் அவரிடம் தப்பியதில்லை. தேர்வுக்கு முந்தின சாயங்காலம் கடை மேஜையில் அவள் வைத்த ஹால்டிக்கெட் மட்டும் தப்பிவிடுமா?

அது அவளுக்குத் தெரிந்ததே தேர்வறையில்தான். புள்ளியியல் தாளில் மூன்றாவது கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது மின்விசிறிக் காற்றில் ஹால்டிக்கெட் குப்புறப் புரண்டது. பின்பக்கம் வரிசையாக எண்கள்: 29, 17½, 24, 40.

ஹால்டிக்கெட்டில் எதையாவது எழுதியிருந்தால் அது முறைகேடு என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதுவும் கணக்குத் தாளில் எண்கள்! வீட்டிலிருந்தபடியே படிக்கும் இந்தப் பட்டத்துக்குக் கொடுத்த ஏழு வருடக் கெடு இந்தத் தேர்வோடு முடிகிறது. பாக்கி இருப்பது இந்த ஒரு தாள்தான். மாட்டினால் தேறின தாள்களும் சேர்ந்து ரத்து. பட்டம் இல்லையென்றால் அவள் பார்க்கும் வேலை என்றைக்கும் தற்காலிகம்தான்.

அழித்தால்? அழித்த தடமும் குற்றம். மறைத்தால்? பக்கத்து அறையில் பறக்கும் படையின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர்களாகப் பிடிப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம் என்று எழுந்து நின்றாள்.

மேற்பார்வைக்கு நின்ற பெண்ணுக்கு அவள் தங்கை வயதுதான் இருக்கும். காகிதத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகமும் வெளுத்துவிட்டது.

“ஏன்க்கா, பேசாம இருந்திருக்கக் கூடாதா? இப்ப நான் புகார் எழுதிக் குடுக்கலேன்னா என் வேலை போயிடும்.”

விதிப்படி விடைத்தாளை வாங்கி உறையில் போட்டு ஒட்டினார்கள். புதுத் தாள் கொடுத்து முதலிலிருந்து எழுதச் சொன்னார்கள். மிச்சம் ஒன்றரை மணி நேரம். எப்படியோ எழுதி முடித்தாள். அதைத் திருத்துவதா, தள்ளிவிடுவதா என்பதை விசாரணைக் குழு சொல்லும் என்றார்கள்.

மூன்று வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷனைத் திட்டக்கூடத் தெம்பில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அந்த மனுஷனுக்காவது நிம்மதியாக இருந்திருக்கும்.

விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர், சாட்சி சொல்ல அவளோடு வந்திருந்த தையல்காரரைப் பார்த்தார்.

“சட்டை அளவுங்கறீங்க. யார் சட்டை?”

“வழியில போனவர் சார். அளவு எழுதின காகிதம் காணோம்னதும் கோவிச்சுக்கிட்டு துணியைத் தூக்கிட்டுப் போயிட்டார்.”

“சரி, இதே எண்களை இங்க எழுதிக் காட்டுங்க.”

வினையே அங்கேதான் வந்தது. பயத்தில் அவர் கை தந்தியடித்தது. 7 படுத்துக்கொண்டது, 4 கோணிக்கொண்டது. தலைவர் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“ஒத்துப்போகலையே.”

அவ்வளவுதான், ஏழு வருடமும் தலைமுழுக வேண்டியதுதான்.

ஓரத்தில் இருந்த அம்மாள்தான் சொன்னார்: “தையல்காரர்தானான்னு முதல்ல பார்த்துடுவோம். சார், நீங்க எழுந்து நில்லுங்க. அளவெடுக்கட்டும்.”

தலைவர் வேண்டாவெறுப்பாக எழுந்தார். விசாரணைக்குக்கூடக் கழுத்தில் டேப்போடுதான் வந்திருந்தார் தையல்காரர். அது கைக்கு வந்ததும் மனுஷன் வேறு ஆளாகிவிட்டார்.

“கையைத் தொங்கப் போடுங்க சார். வயித்தை உள்ள இழுக்காதீங்க, எப்பவும் போல இருக்கட்டும்.”

நீளம், தோள், கை, மார்பு. சட்டென்று திரும்பினார், மேஜையில் எட்டின காகிதத்தை இழுத்தார், கவிழ்த்தார், மளமளவென்று எழுதினார்.

“ஐயோ, என்னங்க பண்றீங்க!” என்று அவள் அலறிவிட்டாள்.

தலைவர் அந்தக் காகிதத்தைத் தூக்கியபோது அதன் முன்பக்கம் அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய பதிவு எண். கீழே ‘பதிவு ரத்து’ என்று முன்கூட்டியே அச்சடித்து, கையெழுத்துக்குக் காத்திருந்த உத்தரவு. விசாரிக்கும் முன்பே முடிவு கட்டியிருந்தார்கள்.

தலைவர் அதைக் கவிழ்த்து ஹால்டிக்கெட்டின் பக்கத்தில் வைத்தார். அதே வால் நீண்ட 7, அதே வாய் திறந்த 4. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அம்மாளிடம் உத்தரவை நீட்டினார்.

“விடைத்தாளைத் திருத்தலாம்னு வேற உத்தரவு அடிக்கச் சொல்லுங்க. இது செல்லாது. பின்னாடி என்னமோ எழுதியிருக்கு.”