சொன்ன பிறகுதான் தராசு

என் மகளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். அவள் அப்பா வைத்தது. காலையில் கண் திறப்பதற்கு முன்பே வாய் திறந்துவிடும். பல் தேய்க்கும்போதும் பேசுவாள். நுரையெல்லாம் என் மேல் தெறிக்கும். அதே பிள்ளை ஒன்றாம் வகுப்பு வாசலைத் தாண்டியதும் கப்சிப். பள்ளி திறந்து மாதங்கள் ஓடிவிட்டன, அந்த அறையில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை நானே வகுப்புக்கு வரேன். அவ குரலை நான் கேக்கணும். இல்லன்னா திரும்ப யூ.கே.ஜி.யில உக்கார வெக்கிறதத் தவிர வேற வழி தெரியல."

நான் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அறிவிப்பவள். பேசித்தான் சம்பாதிக்கிறேன். நான் பெற்றது வாயைத் திறக்கவில்லை என்று யூ.கே.ஜி.க்கு அனுப்பினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த வகுப்பில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாராவது ஒரு பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ வந்து உதவிக்கு உட்கார வேண்டும். சொல்லிவைத்தது போல் அன்றைக்கு என் முறை வந்தது.

குழந்தைகளின் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடித்தது. பிள்ளைகள் களிமண் உருட்டி எழுத்து செய்ய வேண்டும், முதல் வேலை அது. கலைந்து கிடந்த மணிகளை நிறம் பிரித்துக் கிண்ணங்களில் போடச் சொல்லி என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார் டீச்சர். மணியை எங்கே பார்த்தேன்? என் கண் மகளை விட்டு நகரவில்லை.

அங்கேதான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். அவள் மூக்கைத் தொட்டாள். பக்கத்தில் இருந்த பொக்கைவாய்ப் பையன், "டீச்சர், இவளுக்குத் தண்ணி வேணுமாம்" என்றான். காதைப் பிடித்து இழுத்தாள். பின்னாலிருந்த ரெட்டைச் சடை, "பாத்ரூம் போகணுமாம் டீச்சர்" என்றாள். புருவத்தை உயர்த்தினால் ஒன்று, கன்னத்தை உப்பினால் ஒன்று. ஒரு வகுப்பே சேர்ந்து இவளுக்கு ஒரு பாஷை கண்டுபிடித்து வைத்திருந்தது! அதில் அவர்களுக்குப் பெருமை வேறு.

டீச்சர் என் பக்கம் குனிந்து, "பாத்தீங்களா? இவளுக்கு இங்க பேசவேண்டிய அவசியமே இல்ல. எல்லாரும் இவளுக்காகப் பேசிடறாங்க" என்றார். "இன்னிக்கு அதை நிறுத்தப் போறேன். அவ முறை வர்றப்போ யாரும் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"நல்ல யோசனை டீச்சர்" என்றேன். ஈ, எறும்பு வாயைத் திறக்கக் கூடாது என்று நானும் என் பங்குக்குப் பையன்களை முறைத்தேன்.

களிமண்ணை எடுத்துவைத்துவிட்டு எடை பாடம் தொடங்கியது. மேசையில் பிளாஸ்டிக் தராசு ஒன்று. ஒவ்வொருவராக வந்து பெட்டியிலிருந்து இரண்டு பொருள் எடுக்க வேண்டும். எது கனம், ஏன் கனம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் தராசில் வைக்கலாம். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. சொல்லாமல் வைக்கக் கூடாது. இதுதான் டீச்சரின் சட்டம்.

பொக்கைவாய் எழுந்து போய், "பலூன்தான் கனம், ஏன்னா அது குண்டா இருக்கு" என்று அடித்துச் சொன்னான். தராசு அவனைக் கைவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அப்போதுதான் தலைமை ஆசிரியை உள்ளே வந்து கதவோரம் உட்கார்ந்தார். அடுத்து என் மகள்.

ஒரு கையில் இரும்புப் பூட்டு, இன்னொரு கையில் அவள் தலை அளவுக்கு ஸ்பாஞ்ச். பச்சைக் குழந்தைக்கும் தெரியும் விடை. அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். பூட்டு வைத்திருந்த தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"எது கனம்டா கண்ணு?" என்றார் டீச்சர்.

அவள் புருவத்தை உயர்த்தினாள். யாரும் பேசவில்லை. கன்னத்தை உப்பினாள். யாரும் பேசவில்லை. ரெட்டைச் சடை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பொக்கைவாய் சட்டைக் காலரை வாய்க்குள் திணித்துக்கொண்டு தவித்தான். என் மகள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்து மணிகள் ஒட்டிக்கொண்டன. சொல்லுடி, ஒரே ஒரு வார்த்தை, சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவள் உதடு பிரிந்தது.

"பூட்டு!"

கணீரென்று கேட்டது. நான்தான். அதுவும் நிலையத்தில் கடைசி நடைமேடை வரைக்கும் எட்டுகிற குரலில்.

வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. "டீச்சர், இவங்க சொல்லிட்டாங்க!" என்று பொக்கைவாய் காலரைத் துப்பிவிட்டுக் குற்றம் சாட்டினான். ஆறு வயசுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அடக்கிக்கொண்டிருந்ததை எனக்கு அடக்கத் தெரியவில்லை. தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டு எழுந்தார்.

அப்போதாவது சும்மா இருந்தேனா? "மேடம், போயிடாதீங்க. அவ சொல்லத்தான் வந்தா, நான்தான் குறுக்க... வீட்ல அவ எவ்வளவு பேசுவா தெரியுமா? அவளுக்கு எல்லாம் தெரியும் மேடம், கூச்சம்தான், நான் சொல்றேன் கேளுங்க..."

"அம்மா, நீ வெளிய போ."

கொஞ்சம் கரகரத்த, சின்னக் குரல். அந்த அறைக்குப் புதுசு. டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டார். தலைமை ஆசிரியை மறுபடி உட்கார்ந்தார். என் மகள் பூட்டையும் ஸ்பாஞ்சையும் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எழுந்திருக்கும் வரை.

வெளியே வந்தேன். கதவை டீச்சர் சாத்தினார். கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அவள் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை இல்லை, ஒரு நீளப் பேச்சு. பூட்டைத் தூக்கிக் காட்டினாள், ஸ்பாஞ்சைக் கன்னத்தில் அழுத்தினாள், தோளை ஆட்டினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைமை ஆசிரியைகூட. வெட்கத்தை விட்டுக் கதவில் காதை ஒட்டி வைத்தேன். மின்விசிறியின் கடகடப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை மாதம் நான் ஏங்கிய குரல் ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அது எட்டவில்லை.

தலைமை ஆசிரியை வெளியே வந்தார். "ஒண்ணாவதுலயே இருக்கட்டும். இனி அந்தப் பேச்சே வேண்டாம்."

"அவ என்ன சொன்னா மேடம்?"

"அவகிட்டயே கேளுங்களேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் வாயாடி வாய் ஓயவில்லை. செருப்பு வார் கடிக்கிறது, எதிர்வீட்டு நாய்க்குட்டிக்குக் கண் திறந்துவிட்டது, ரெட்டைச் சடைக்கு நாளைக்கு ஒரு சடைதானாம். நடுவில் ஒரு இடைவெளி கிடைத்ததும் மெதுவாகக் கேட்டேன்.

"உள்ள என்னடி சொன்னே? எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க?"

"அது கிளாஸ்ல சொன்னது" என்றாள். "உனக்கு இல்ல."

பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அடுத்த தடவ நம்ம முறை எப்ப வரும்?"

"ஏன்? அம்மா மறுபடி வரணுமா?" என்றேன், நப்பாசையோடு.

"வேணாம். அப்பாவ அனுப்பு. அவரு சும்மா உக்காந்திருப்பாரு."