புல்ஹென்சியோவுக்காக ஒரு குரல்

எனெய்தா ஊர்பினாவின் இரண்டாவது நாவல் வெளிவந்ததுமே எங்கள் நாட்டுத் தலைநகர் மனாகுவாவில் அவரைக் கைது செய்தார்கள். அவர் சிறையில் இருந்த காலமெல்லாம், அரசு சார்புப் பத்திரிகை ஒன்றில் புல்ஹென்சியோ தெர்செரோ என்பவன் வாரம் தவறாமல் அவரைத் திட்டி எழுதினான்: பைத்தியம், துரோகி, அந்நியனின் கைக்கூலி. அதைப் படித்த அக்கம்பக்கத்தார் லெயோனில் இருந்த அவர் அம்மாவின் வீட்டுப் பக்கமே போகவில்லை. அம்மா இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை.

விடுதலையானதும் எல்லை தாண்டி அண்டை நாட்டுத் தலைநகர் சான் ஹொசேக்கு வந்தார். சிறைப்பட்ட பத்திரிகையாளர்களுக்காகச் சின்ன அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். நானும் ரமீரோவும் அவரோடு வேலை செய்தோம். நாவல் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், "உள்ள இருக்கிறவங்கெல்லாம் வெளிய வரட்டும்" என்பார்.

ஒருநாள் காலையில் புல்ஹென்சியோவின் மனைவி தொலைபேசியில் அழுதாள். ஆஸ்பத்திரியில் மருந்தில்லாமல் குழந்தைகள் இறந்ததை அவன் எழுதிவிட்டானாம். போலீஸ் பிடித்துப் போய்விட்டது. எந்தச் சிறை என்றே தெரியவில்லை.

ரமீரோ சிரித்தேவிட்டான். "நல்லா அனுபவிக்கட்டும். அவன் சோறு போட்டு வளர்த்த நாய்தானே கடிச்சிருக்கு!"

எனெய்தாவின் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. "என்னப் பத்திப் பொய் எழுதுனப்ப வெளிய இருந்தான். உண்மைய எழுதுனதும் உள்ள போயிட்டான். அப்புறம் நாம எதுக்கு இந்தக் கடையத் தொறந்து வச்சிருக்கோம்?"

"உங்க அம்மாவ நெனச்சுப் பாருங்கக்கா."

"நெனைக்காத நாள் இருக்காடா?"

ரமீரோ வேலையை விட்டுப் போனான். எனெய்தா தூதரகம் தூதரகமாக ஏறி இறங்கினார். எங்களைப் போல நாட்டைவிட்டு வந்தவர்களே அவரை ரோஷம் கெட்டவள் என்றார்கள். வானொலியில் ஒருவர், "அவர மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"என்னை ஏன் கேக்குறீங்க? அவன எங்க வச்சிருக்கீங்கன்னு அவங்களக் கேளுங்க."

மழைக்காலம் முடியும்போது அவனை எல்லையில் கொண்டுவந்து விட்டார்கள். எலும்பும் தோலுமாக எங்கள் வாசலில் நின்றான். அவன் குரலைக் கேட்டதும் எனெய்தா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடுறேன்மா," என்றான் என்னிடம். நான் கதவைத் தட்டினேன்.

"வேண்டாம். அழுவான். அப்புறம் நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அந்த வார்த்தை எங்கிட்ட இன்னும் இல்ல."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் கழித்து, கழுவிய முகத்தைத் துடைத்தபடி எனெய்தா வெளியே வந்தார்.

"தங்க எடம் இருக்கான்னு கேட்டியா?"

"கேக்கலக்கா."

"ஓடிப்போய்க் கேளு. பஸ் ஸ்டாப்லதான் நிப்பான்."