சரிபாதித் தூரத்தில் ஒரு வீடு

என் தங்கை கொரினைக் கட்டிய டேல் ஆஸ்ட்ராண்டருக்கு இரண்டு முதலாளிகள். சிக்காகோவிலிருந்து ஒரு விமான கம்பெனிக்குப் பயணிகளை ஏற்றிப் பறப்பான். மீதி நாட்களில், எங்கள் ஊர் விச்சிடாவில் இருக்கும் ரிசர்வ் படைப்பிரிவுக்காக, நடுவானத்தில் மற்ற விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டும் பெரிய விமானத்தை ஓட்டுவான். மேகத்துக்குள் இன்னொரு விமானத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பறக்கவிட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவன். வீட்டுப் பத்திரத்தைக் கண்டால் மட்டும் அந்தக் கை உதறும்.

சிக்காகோ, விச்சிடா இரண்டும் சொன்னேன் அல்லவா? இந்தப் புத்திசாலி குடியிருந்தது டென்வரில். கம்பெனி முன்பு அவனை அங்கே வைத்திருந்தது. பிறகு சிக்காகோவுக்குத் தூக்கிப் போட்டது. வாடகை வீடு மட்டும் டென்வரிலேயே தங்கிவிட்டது. இந்த நாட்டில் அவனுக்கு வேலையே இல்லாத ஊர்கள் ஆயிரம் இருந்தும், அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் குடியிருந்தான்.

வேலைக்குப் போக ஓசிப் பயணம்தான். விமானிகளுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி ஒன்று இருக்கும். வேறு கம்பெனி விமானியும் அதில் உட்காரலாம். ஆனால் அந்த விமானத்தின் கேப்டன் சம்மதிக்க வேண்டும். அதனால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கதவோரம் நின்று, "கேப்டன், ஒரு இடம் கிடைக்குமா?" என்று கேட்பது அவர்கள் சம்பிரதாயம். சிப்பந்திகளுக்கு ஒரு சாக்லேட் பெட்டியும் நீட்ட வேண்டும். டேல் வாழ்நாளில் வாங்கிய சாக்லேட்டில் என் தங்கை வாய்க்கு ஒன்றும் போனதில்லை.

ஈஸ்டர் விருந்துக்கு எல்லோரும் என் வீட்டில் இருந்தோம். கிப்பே என்ற எங்கள் வீட்டு இறைச்சிப் பலகாரம் இருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு கொரின் பேச்சை எடுத்தாள்.

"டேல், இன்னும் ஒரே ஒரு தடவைதான் நான் வீடு மாறுவேன். எந்த ஊருன்னு நீயே சொல்லு. ஆனா அதுக்கப்புறம் உன் கம்பெனி உன்னை எங்க வீசினாலும் நீ மட்டும் போ. நான் வரமாட்டேன்."

"விளையாட்டுக்குத்தானே சொல்ற?"

"மூணு வீட்டுக்கு முன்னால கட்டின பெட்டி இன்னும் பிரிக்காம கிடக்கு. அதுக்குள்ள என்ன இருக்குன்னே எனக்கு மறந்துபோச்சு. இதுல என்ன விளையாட்டு?"

நான் வீடு விற்பவன். மளிகைக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன். கடைசி விலை எது, பேரம் எது என்று குரலை வைத்தே தெரியும். அது கடைசி விலை.

டேல் யோசனை கேட்கப் போனான். கேட்டதும் யாரை? அவன் கம்பெனியின் மூத்த விமானி, கேப்டன் லைல் பிராண்ட்வோல்டை. லைலுக்கு மூன்று மாநிலங்களில் மூன்று வீடு. மூன்றிலும் முன்னாள் மனைவிகள் சௌக்கியமாக இருக்கிறார்கள். அப்படிப்பட்ட அனுபவசாலி சொன்னது: "கம்பெனி இருக்கிற ஊர்லயே இருடா தம்பி. கூப்பிட்டா ரெண்டு மணி நேரத்துல போய் நிக்கணும்." படைப்பிரிவில் கேட்டால் விச்சிடாவில் வந்து இரு என்றார்கள். இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ள முடியாத டேல், விமானிக்கே உரிய ஒரு காரியம் செய்தான். வரைபடத்தை விரித்து, சிக்காகோவுக்கும் விச்சிடாவுக்கும் நடுவே அளவுகோலை வைத்துக் கோடு கிழித்து, அதன் நட்டநடுவில் புள்ளி வைத்தான். புள்ளி விழுந்த இடம் மிசூரியில் மேக்கன் என்ற சின்ன ஊர்.

"மச்சான், ரெண்டு பக்கமும் ஒரே தூரம். யாருக்கும் பாரபட்சமில்ல" என்று போனில் பூரித்தான்.

"மாப்பிள்ளை, அந்த ஊர்லேருந்து விமானம் போகுதா?"

"கார்ல போய்க்கலாம். ரெண்டு பக்கமும் அரை நாள்தான்."

வீடு பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்ல வீடு, பெரிய சமையலறை, பின்னால் சோளக்காடு. காட்டிய அம்மாளிடம் கொரின் விமான நிலையம் உண்டா என்று கேட்டாள்.

"ஏன் இல்ல? பயிருக்கு மருந்தடிக்கிற விமானம் எறங்குமே" என்றாள் அந்த அம்மாள் பெருமையோடு.

கொரின் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"டேல், உங்க கம்பெனியில யாருக்கு எந்த ஊருன்னு எப்படி முடிவு பண்றாங்க?"

"சீனியாரிட்டிதான். முதல்ல சேந்தவன் முதல்ல எடுப்பான்."

"கெஞ்சிக் கேட்டா?"

"கெஞ்சறதா? சேந்த தேதிதான் பேசும். அதை எவனும் எதிர்த்துப் பேசமாட்டான்."

"சரி. கம்பெனியில சேந்தது நம்ம கல்யாணத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

"படையில?"

"அதுவும்..." டேல் நிறுத்தினான். விமானி முகத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப பட்டியல்ல நான்தான் முதல். முதல் விருப்பம் என்னோடது. எனக்கு விச்சிடா."

"ஆனா சிக்காகோவுல கூப்பிட்டா..."

"கூப்பிடுற நாள்ல அங்கயே ஒரு கட்டில் வாடகைக்குப் பிடிச்சுத் தூங்கு. மத்த நாளெல்லாம் என்கிட்ட இரு. இப்ப நீ எந்த நாளும் என்கிட்ட இல்ல. பாதி வழியில, எவனோட மடக்கு நாற்காலியிலயோ இருக்க. இந்த வீட்டை வாங்கினா நிரந்தரமா கார்லயே இருப்ப."

டேல் மனைவியின் கண்ணீரை எதிர்த்துப் பேசியிருப்பான். அதில் பழக்கம் உண்டு. சேர்ந்த தேதியை எதிர்த்துப் பேச எந்த விமானிக்கும் நாக்கு எழாது.

என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி நானே ஒரு வீட்டை முடித்துக் கொடுத்தேன். தங்கை என்பதற்காகக் கமிஷனை விட்டுக்கொடுத்தேன் என்று ஊரில் பேச்சு. நானும் மறுக்கவில்லை.

சுவரில் பூசிய வர்ணம் காய்வதற்குள் கம்பெனி தன் குணத்தைக் காட்டியது. டேல் ஓட்டும் ரக விமானங்களை சிக்காகோவிலிருந்து எடுத்துவிட்டு, அவனை நியூயார்க்குக்கு மாற்றியது. விமானி வீடு வாங்கினால் கம்பெனிக்கு மூக்கில் வியர்க்கும் என்பது அவர்களுக்குள் பழைய பேச்சு. லைல் துக்கம் விசாரிக்கப் போன் செய்தான். பழக்கதோஷத்தில் நல்ல வக்கீல் ஒருவர் பெயரையும் சொல்லி வைத்தான்.

செய்தியைச் சொல்ல டேல் முகம் வெளிறிப்போய் நின்றான். கொரின் கொல்லையில் புதினா நட்டுக்கொண்டிருந்தாள்.

"நியூயார்க்கா? குளிருமே. கனமான கோட்டை எடுத்துக்கோ" என்றாள். மண்வெட்டி நிற்கவில்லை.

பழைய பெட்டியை அந்த வாரம்தான் பிரித்தாள். உள்ளே கல்யாணத்துக்கு வந்த தட்டுகள், ஒன்றுகூட உடையாமல்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டில் கோழியும் பூண்டு விழுதும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்த கொரின் வழிவிடாமல் நின்றாள். வெளியே டேல், தொப்பி கையில், சாக்லேட் பெட்டி நீட்டியபடி.

"கேப்டன், ஒரு இடம் கிடைக்குமா?"

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல. வியாழக்கிழமை வரைக்கும்."

கொரின் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"மூடி பிரிச்சிருக்கே."

"வர்ற வழியில சிப்பந்திங்க ரெண்டு எடுத்துக்கிட்டாங்க."

"போகட்டும்" என்று ஒதுங்கி வழிவிட்டாள். "உள்ள வா. அண்ணன் கோழியை முடிக்கறதுக்குள்ள."